வழியும் வெளிச்சமும்

குழித்தறியில் உட்காரும் நெசவாளரின் கால்கள் தரைமட்டத்துக்குக் கீழே, மிதிபலகையின் மேல் இருக்கின்றன. நெய்யப்படும் பட்டு அவர் மடிக்கு நேராக, தரையை ஒட்டி நீள்கிறது. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுந்தால் மட்டும் அவருக்குப் போதாது. பக்கவாட்டில், தாழ்வாக, இழையின் மீது படும்படி வர வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டும் சேரும் விளிம்பில் இழைக்கு இழை கோத்து வாங்க வேண்டும். நெசவாளரும் உதவியாளும் சேர்ந்து உட்கார்ந்து மூன்று நாடா ஓட்டிச் செய்கிற வேலை அது. பிள்ளையார்பாளையத்தின் பழைய ஓட்டு வீடுகளில் தறி போட்ட கூடத்தின் பக்கச் சுவரில் சன்னல் வைத்தது இதற்காகத்தான். அச்சும் நாடாவும் எப்படித் தொழிற்கருவியோ, அந்தச் சன்னலும் அப்படியே.

சன்னல் நெசவாளருக்குச் சொந்தம். சுவரும் சொந்தம். ஆனால் வெளிச்சம் கடந்து வருகிற காலியிடம் அடுத்த வீட்டுக்காரருடையது. அவர் தம் மனையில் இரண்டு மாடி எழுப்பினால் தறிக்கூடம் பட்டப்பகலில் இருண்டுபோகும். என் இடத்தில் நான் கட்டுகிறேன், உனக்கென்ன என்று அவர் கேட்கலாமா? கேட்கலாம் என்றால் நெசவாளரின் பிழைப்பு என்ன ஆவது? கேட்கக் கூடாது என்றால் அவர் விலை கொடுத்து வாங்கிய மண்ணுக்கு என்ன மதிப்பு? இந்த இரண்டு கேள்விகளையும் ஒருசேரச் சுமக்கிற சட்டப் பகுதி ஒன்று இருக்கிறது. சட்டத் தமிழில் வசதியுரிமை. நீதிமன்ற வளாகத்தில் ஈஸ்மெண்ட். பத்திரம் எழுதுகிறவர்களும் ஊராரும் சொல்வது பாத்தியம், பாத்தியதை.

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படித்தால், சொத்து விவரத்தில் நாலு எல்லைகள் வரும்: கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை, வடக்கே தெரு, தெற்கே சந்து. பிறகு நீள அகலம். அதற்குப் பின்னால் ஒரே மூச்சில் எழுதிய ஒரு வரி வரும்: மாமூல் வழிநடை பாத்தியம், ஜலதாரை பாத்தியம், கிணற்றில் தண்ணீர் சேந்தும் பாத்தியம் உட்பட. வாங்குகிறவர் அளவைப் பலமுறை சரிபார்க்கிறார். இந்த வரியில் அவர் கண் நிற்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் குடியிருக்க முடிவதே பெரும்பாலும் இந்த வரியால்தான். கூரைத் தண்ணீர் அடுத்தவர் சந்தில் விழுகிறது. குளிக்கும் தண்ணீர் பக்கத்து மனை வழியே தெருக்கால்வாயை அடைகிறது. புழக்கடைக்குப் போகும் வழி பங்காளி வீட்டின் ஓரமாகப் போகிறது. சுவரைப் பூச வேண்டுமானால் ஏணி அடுத்தவர் மண்ணில்தான் நிற்க வேண்டும். எந்த வீடும் தன் நாலு எல்லைக்குள் முழுதாக முடிந்துவிடுவதில்லை.

*

இவற்றுக்கெல்லாம் தனிச் சட்டம் 1882இல் வந்தது. இந்திய வசதியுரிமைச் சட்டம் அந்த ஆண்டின் ஐந்தாம் சட்டம். சொத்து மாற்றுச் சட்டத்தோடு ஒரே நாளில், 1882 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வரைந்தவர் வைட்லி ஸ்டோக்ஸ். கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்த அயர்லாந்துக்காரர், கெல்டிக் மொழிகளில் பெரும் அறிஞர். தொடக்கத்தில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்கு மட்டுமே சட்டம் செல்லும். பம்பாய்க்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் 1891இல்தான் அதை நீட்டினார்கள். அன்று செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த காஞ்சிபுரம் முதல் நாளிலிருந்தே இந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்துவருகிறது.

சட்டத்தின் அடித்தளம் எளிமையானது. இரண்டு மனைகள் வேண்டும். இரண்டும் வேறுவேறு ஆட்களுடையதாக இருக்க வேண்டும். ஒன்று பயன்பெறும் மனை, மற்றது சுமை தாங்கும் மனை. உரிமை ஆளோடு ஒட்டுவதில்லை, மண்ணோடு ஒட்டுகிறது. வீட்டை விற்றால் உரிமையும் கூடவே போய்விடும். வீட்டை வைத்துக்கொண்டு வழியை மட்டும் தனியே விற்க முடியாது. இரண்டு மனைகளும் முழு உரிமையோடு ஒரே கைக்கு வந்தால் பாத்தியதை மறைந்துவிடும். தன் மண்ணில் தனக்கே ஒருவர் பாத்தியதை கொண்டாட முடியாது. சுமை தாங்குகிறவர் எதையும் செய்து தரத் தேவையில்லை. வழியைச் செப்பனிடும் செலவு நடக்கிறவருடையது. தாங்குகிறவரின் கடமை ஒன்றுதான்: தடுக்காமல் இருப்பது.

இந்த உரிமை நாலு வகையில் பிறக்கிறது: எழுதிக் கொடுப்பதால், அவசியத்தால், நீண்ட அனுபவத்தால், ஊர் வழக்கத்தால். இந்த நாலும் சட்டப் புத்தகத்தில் வெறும் பிரிவுகள். காஞ்சிபுரத்தில் அவை ஒவ்வொன்றுக்கும் தெருவும் வயலும் உண்டு.

*

எழுதிக் கொடுப்பதற்கு இந்த வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சான்று இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்ம பல்லவமல்லனின் 22ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டது காசாக்குடிச் செப்பேடு. கிடைத்தது காரைக்கால் பக்கத்தில்; ஆனால் அது பேசும் நிலம் தொண்டைமண்டலத்து ஊற்றுக்காட்டுக் கோட்டத்தின் கொடுகொள்ளி என்னும் ஊர். அந்த ஊரைத் தானம் கொடுத்த அரசன் எல்லைகளைச் சொன்னதோடு நிறுத்தவில்லை. சேயாற்றிலிருந்தும் வெஃகாவிலிருந்தும் திரையன் ஏரியிலிருந்தும் கால்வாய் தோண்டித் தண்ணீர் கொண்டுவரும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தான். அந்தக் கால்களிலிருந்து கூடையால் இறைத்தோ, கிளைக்கால் வெட்டியோ, சிறு ஏற்றம் போட்டோ தண்ணீர் எடுப்பவர்கள் தண்டம் கட்ட வேண்டும் என்றும் விதித்தான். சேயாறு இன்றைய செய்யாறு. வெஃகா வேகவதி. திரையன் ஏரி இன்றைய தென்னேரி.

இன்றைய சட்டத்தின் சொல்லில் சொன்னால், தானம் பெற்ற ஊர் பயன்பெறும் நிலம். ஆற்றுக்கும் ஊருக்கும் இடையில் கால் ஓடும் நிலங்கள் சுமை தாங்கும் நிலங்கள். தண்ணீர் வராத வயலுக்கு எல்லை குறிப்பதில் பயனில்லை என்று அந்த அரசவைக்குத் தெரிந்திருந்தது. யாருக்கு என்ன உரிமை, எங்கிருந்து, எந்த வழியாக, மீறினால் என்ன என்பதையெல்லாம் அது வாய்வார்த்தையாக விடவில்லை, செம்பில் வெட்டிவைத்தது. நிலத்தைக் கொடுத்தவர் நிலம் வாழ்வதற்கு வேண்டியதையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற பொறுப்புணர்வு அதில் இருக்கிறது. நம் காலத்துப் பத்திரங்களில் குறைந்துபோனது அந்தப் பொறுப்புணர்வுதான்.

*

செம்பிலும் தாளிலும் ஏறாத உரிமைகளே தெருக்களில் அதிகம். அவற்றுக்காகச் சட்டம் வைத்திருக்கும் வாசல் நீண்ட அனுபவம். ஒரு வழியை அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாக, இடையறாமல் 20 ஆண்டுகள் பயன்படுத்தினால் அது பாத்தியதை ஆகும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். அந்தக் காலம் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். பாட்டனார் நடந்தார் என்பது மட்டும் போதாது, அண்மைக்காலம்வரை நடந்திருக்க வேண்டும். யாராவது வேலி வைத்து மறித்தால், அது தெரிந்த பிறகு ஓராண்டு பொறுத்துக்கொண்டிருந்தால்தான் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு. எனவே மறித்தது தெரிந்த ஓராண்டுக்குள் எதிர்ப்பைக் காட்டிவிட வேண்டும்.

இந்த நிபந்தனைகளில் 'உரிமையாக' என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. இரண்டு வீட்டுக்காரர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பின்வீட்டுக்காரரிடம், "அண்ணா, இந்தப் பக்கமாவே போய்க்கோங்க, நம்ம இடம்தானே" என்கிறார். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல், தம் மனை வழியே ஆள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறார். 20 ஆண்டுகள் கழிகின்றன. முதல் வீட்டின் வழியே நடந்தவர் கையில் இருப்பது அனுமதி மட்டுமே. சில விதிவிலக்குகள் போக, கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். இரண்டாம் வீட்டின் வழியே நடந்தவருக்கோ உரிமையே பிறந்துவிடுகிறது. அன்பாகச் சொன்ன ஒரு சொல் உரிமையைப் பிறக்கவிடாமல் செய்கிறது. மௌனம் உரிமையைப் பெற்றுத் தருகிறது.

முதலில் கேட்கும்போது இது அநியாயமாகப் படும். ஆனால் சட்டம் இங்கே காப்பது கொடுத்தவரை. போய்க்கோங்க என்று சொன்னதெல்லாம் 20 ஆண்டில் நிரந்தரச் சுமையாக மாறுமானால் யாரும் போய்க்கோங்க என்று சொல்ல மாட்டார்கள். பத்தொன்பதாம் ஆண்டில் எல்லோரும் சுவர் எழுப்புவார்கள். இங்கிலாந்து இதை வேறொரு வடிவத்தில் சந்தித்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் மனைகள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. அவற்றின் மேல் வெளிச்சம் வாங்கிக்கொண்டிருந்த அண்டைச் சன்னல்களுக்கு 20 ஆண்டில் உரிமை ஏற்பட்டால், அந்த மனைகளில் பிறகு கட்டுவது கடினமாகும். அதனால் 1959இல் ஒரு சட்டம் செய்தார்கள்: சுவர் எழுப்பி வெளிச்சத்தை மறைக்க வேண்டாம், முறைப்படி ஓர் அறிவிப்பைப் பதிவு செய்தால் அதுவே மறைத்ததற்குச் சமம். மனிதர்கள் கல்லால் மறிக்காமல் இருப்பதற்காகச் சட்டம் காகிதத்தால் மறிக்க இடம் கொடுத்தது.

காஞ்சிபுரத்தின் துன்பம் இதைவிட ஆழமானது. நம் தெருக்களில் கேட்டு வாங்கியதும் கேட்காமல் எடுத்துக்கொண்டதும் ஒன்றாகக் கலந்தே கிடந்தன. பக்கத்து வீட்டார் பங்காளி, அல்லது சம்பந்தி, அல்லது ஒரே கூட்டுறவு சொசைட்டியில் உறுப்பினர். ஒரு பிள்ளை அந்த வீட்டு நடையில் ஓடிப்போய்ப் பின்தெருவில் இறங்கும்போது அனுமதி, உரிமை என்ற பேச்சே அங்கு எழுந்ததில்லை. பிறகு ஒருநாள் வீடு கைமாறுகிறது. வாங்கியவருக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை, கதவு சாத்தப்படுகிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. போனவர் அனுமதியால் போனாரா, உரிமையால் போனாரா? இதுதான் கேள்வி. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பலர் மறைந்துவிட்டார்கள். இருப்பவர்களுக்கும் அந்த வேறுபாடு வாழ்ந்த காலத்தில் உறைத்ததே இல்லை.

பழைய பங்காளிகளுக்கு இடையிலேயே வழக்கு வந்தால் அது இன்னும் கொடுமை. வாதி வெல்ல வேண்டுமானால், எதிரி மனம் இரங்கி விட்டதால் நான் போகவில்லை, என் உரிமையால் போனேன் என்று சொல்ல வேண்டும். எதிரி தப்ப வேண்டுமானால், அது உரிமையே இல்லை, நான் இரக்கப்பட்டு விட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒருவர் நன்றியை மறுக்க வேண்டியிருக்கிறது. மற்றவர் தாம் செய்த நன்மையைச் சொல்லிக்காட்ட வேண்டியிருக்கிறது. தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும், இரண்டு குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்த காலத்தைப் பற்றிய நினைவு கெட்டுப்போகிறது. எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக அவர்கள் கொடுக்கும் விலை அது.

*

வெளிச்சத்துக்கு வருவோம். வழியைவிட வெளிச்சத்திடம் சட்டம் சற்றே இரக்கமாக நடந்துகொள்கிறது. வழிக்குக் கேட்கும் 'வெளிப்படையாக', 'உரிமையாக' என்ற இரண்டு நிபந்தனைகளை வெளிச்சத்துக்கு அது சொல்லவில்லை. அமைதியாக, வசதியுரிமையாக, இடையறாமல் 20 ஆண்டுகள் ஒரு கட்டடத்துக்குள் வெளிச்சம் வந்திருந்தால் போதும். ஆனால் சன்னல் வேண்டும். திறந்த வெளி நிலத்தின் மேல் விழும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் இந்த வழியில் உரிமை பிறக்காது என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதனால் தறிக்கூடத்தின் சன்னல் காக்கப்படலாம். புழக்கடையின் வெயில் காக்கப்படாது.

சன்னல் மறைந்ததும் உடனே இழப்பீடு கிடைத்துவிடாது. இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1904இல் ஒரு வழக்கில் வகுத்த அளவுகோல் இங்கும் செல்வாக்குப் பெற்றது: எவ்வளவு வெளிச்சம் போனது என்று பார்க்காமல், மிச்சம் இருப்பது சாதாரண வாழ்வுக்குப் போதுமா என்று பார்ப்பது. நம் சட்டத்தின் 33ஆம் பிரிவில் நெசவாளர் பற்றிக்கொள்ளத் தக்க சொற்கள் இருக்கின்றன. உடல் வசதி பெரிதாகக் குலைந்தாலோ, அந்த மனையில் பழகிய தொழிலை முன்பு போல நல்ல முறையில் நடத்த முடியாமல் போனாலோ அது கணிசமான பாதிப்பு என்கிறது அது. மின்விளக்குப் போட்டுக்கொள்ளலாமே என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான பதில். அரக்கும் மாம்பழ மஞ்சளும் பகல் வெளிச்சத்தில் காட்டும் நிறத்தை விளக்கில் காட்டுவதில்லை என்பது தறியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பழகிய தொழில் என்று சட்டம் சொல்லும்போது அந்தத் தொழிலின் கண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உரிமையின் அளவு, அந்த 20 ஆண்டுகள் முழுக்க அந்தத் திறப்பு வழியே வந்த வெளிச்சத்தின் அளவுதான். பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது சன்னல் எங்கே இருந்தது, எவ்வளவு பெரிது என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போனால் உரிமையை நிறுவுவது கடினம். இடிப்பதற்கு முன் அளந்து, படம் எடுத்து வைத்துக்கொள்வது சின்ன வேலை. அதைச் செய்யாமல் இழந்ததைத் திரும்பப் பெற வழியே இல்லாமல் போகலாம். அடுத்த வீட்டாருக்கு மாடி கட்ட அனுமதி கிடைத்துவிட்டதே என்று சிலர் சோர்ந்துபோகிறார்கள். கட்டட அனுமதி கட்டட விதிகளைப் பார்த்துத் தரப்படுவது. அண்டை வீட்டாரின் தனி உரிமையை அது தீர்மானிப்பதில்லை.

*

அடுத்தது அவசியம். காஞ்சிபுரத்தின் வீட்டு மனைகள் பல குறுகலான முகப்பும் நீண்ட உடலும் கொண்டவை: திண்ணை, நடை, கூடம், முற்றம், பின்கட்டு, கிணறு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது முன்பகுதி ஒருவருக்கு, பின்பகுதி ஒருவருக்கு என்று வெட்டுகிறார்கள். பின்பகுதிக்கு வேறு வழி இல்லை என்றால், பத்திரத்தில் ஒரு சொல்லும் எழுதாவிட்டாலும், முன்பகுதி வழியே நடக்கும் உரிமையைச் சட்டம் தானே வழங்குகிறது. வழியே இல்லாத மனையை யாரும் பங்காக ஏற்றிருக்க மாட்டார்கள் என்ற எளிய நியாயம் அது.

ஆனால் இந்த உரிமையின் ஆயுள் அவசியத்தின் ஆயுள்தான். பின்பக்கத்தில் பிறகு ஒரு தெரு வந்துவிட்டால் முன்பக்க வழி போய்விடும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்த வழி அப்படிப் போவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கில் 2006இல் இதை உறுதிப்படுத்தினார்கள்: எழுதிக் கொடுத்த வழி வேறு வழி கிடைத்தது என்பதற்காக அழியாது. கூடப் பிறந்தவர்கள்தானே, எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டவர்களுக்கும், மூன்றடி நடைவழி என்று ஒரு வரி எழுதியவர்களுக்கும் இடையிலான வேறுபாடு இவ்வளவு பெரிது.

எழுதும்போது அடியும் அங்குலமும் மட்டும் போதாது. எதற்கு என்பதும் வேண்டும். ஒருவகை வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது. நடக்கும் பாத்தியத்தில் வண்டி ஓட்ட முடியாது. பயன்பெறுகிறவர் தம் வசதிக்காக அடுத்தவர் சுமையைக் கூட்டவும் முடியாது. ஒரு குடும்பம் குடியிருந்த பின்கட்டைப் பட்டுக் கடையாக மாற்றிவிட்டு, வீட்டாருக்கு விட்ட நடை வழியே நாள் முழுதும் வாடிக்கையாளர்களையும் சரக்கையும் கொண்டுபோவது அந்த உரிமைக்குள் அடங்காது. வீடுகள் கடைகளாகிக்கொண்டிருக்கும் ஊரில் இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் வழக்கில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

*

கடைசியாக ஊர் வழக்கம். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத்தொகுதியான பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்கானது. விரித்தால் பதினெட்டு கஜத்துக்குக் குறையாமல் நீளும். எந்த வீட்டுக் கூடமும் அதைத் தாங்காது. ஆகவே விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி கொடுத்து, இழை பிரித்துச் சரிசெய்வார்கள். நெசவாளர் தெருக்கள் அகலமாகவும் நேராகவும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சேலம் வட்டாரத்தில் நெசவாளர்கள் பாவடி என்று பொதுத்திடலே வைத்திருந்தார்கள். காஞ்சிபுரத்தில் தெருவே திடல்.

தெருவில் பாவு விரிப்பது எந்தச் சட்டத்தில் அடங்கும்? தெரு பொதுவுக்கு உரியது. பொதுமக்களுக்கு விடப்பட்ட நடைவழி வசதியுரிமை ஆகாது என்று சட்டமே எடுத்துக்காட்டோடு சொல்கிறது. ஆனால் ஓர் ஊரின் வழக்கத்தால் பிறக்கும் வசதியுரிமையை அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு ஏற்கிறது. எந்த மனையோடும் ஒட்டாத வழக்காற்று உரிமைகளைத் தான் தொடப்போவதில்லை என்று 2ஆம் பிரிவிலேயே உறுதி கொடுக்கிறது. தெருவில் பாவு விரிக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தில் நிற்க இடம் உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது பழையது, திட்டமானது, நியாயமானது, தொடர்ந்து வருவது என்று நெசவாளர்கள் காட்ட வேண்டும். தொடர்ச்சிதான் இன்று அறுந்துகொண்டிருக்கிறது. தெருவில் வண்டிகள் நிற்கின்றன. பாவு விரிக்கும் தெருக்கள் குறைகின்றன. ஒரு வழக்கத்தை யாரும் தடை செய்யாமலேயே அது செத்துப்போகலாம்.

இதே தெருக்களில்தான் சாமியும் போகிறது. வைகாசியில் வரதராசப் பெருமாளின் கருடசேவை, மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரத்துக்குப் பயணம், சித்ரா பௌர்ணமிக்கு அய்யங்கார்குளத்து நடவாவிக் கிணறு என்று பெருமாள் ஊரையும் ஊருக்கு வெளியையும் கடந்து போய்வருகிறார். பொதுத்தெருவில் ஊர்வலம் போகும் உரிமையை, ஆங்கிலேயர் காலத்தில் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கும் அதிகாரிகளின் சட்டப்படியான ஆணைகளுக்கும் அது கட்டுப்பட்டது.

சாமி போன தெருவில் எல்லா மனிதர்களும் போக முடிந்ததில்லை. இதைச் சொல்லாமல் வழக்கத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பது நேர்மையாகாது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் கொண்டுவந்த தீர்மானம், பொதுத்தெருக்களும் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்டோருக்கும் திறந்தவை என்று அறிவித்தது. பொதுவழி என்று பெயர் இருந்த வழிகளில் நடப்பதற்கே ஒரு சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்தது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சாலை, கிணறு, குளம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

நீண்ட அனுபவம் என்ற வாசல் ஒடுக்கப்பட்டோருக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது. சுடுகாட்டுக்குப் போகும் பாதை பட்டா வயலைக் கடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் பல. ஒவ்வொரு சாவிலும் தடுக்கப்பட்டவர்கள், அமைதியாக, இடையறாமல் 20 ஆண்டுகள் போனோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? தடுத்தவரின் வன்முறையே தடுக்கப்பட்டவரின் உரிமைக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. அண்டை வீட்டார் இருவரும் ஏறத்தாழச் சமமானவர்கள் என்று நினைத்து எழுதப்பட்டது இந்தச் சட்டம். சமம் இல்லாத இடத்தில் அது கைவிட்டுவிடுகிறது. அங்கே அரசுதான் நிலத்தை எடுத்துப் பாதை போட வேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் அதற்கென்று இயற்றிய சட்டம் வீட்டுமனை, இடுகாடு, சுடுகாடு, அவற்றுக்குப் போகும் பாதை ஆகியவற்றுக்கு நிலம் எடுக்க வகைசெய்தது. அந்தப் பாதைகளைப் போட்டு முடிப்பது யாரும் செய்யும் உதவியாகாது. அது நிறைவேற்றப்பட வேண்டிய கடன்.

*

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகிற முடிவு ஒன்று. நம் தெருக்கள் பரிவால் வாழ்ந்தன. அந்தப் பரிவு பரம்பரையாக வரும் என்று நம்பி யாரும் எழுதிவைக்கவில்லை. பரிவு ஆளோடு போய்விடுகிறது. மண்ணோடு தங்குவது எழுதப்பட்ட உரிமைதான். எழுதுவது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று நினைப்பதை நாம் விட வேண்டும். வழியைத் தர மனம் உள்ளவர், அது உரிமையா, தற்காலிக அனுமதியா என்பதைச் சொல்லியே தரலாம். இரண்டும் மரியாதையான கொடைகள்தான். தெளிவின்மை மட்டுமே பேரப்பிள்ளைகளை நீதிமன்றத்தில் நிறுத்துகிறது.

காஞ்சிபுரம் மாநகராட்சி, இன்னமும் பாவு விரிக்கப்படும் தெருக்களைக் கணக்கெடுத்து, விடியற்காலை நேரத்தில் அங்கே வண்டி வராமல் செய்ய முடியும். இதற்குப் பெரிய செலவு இல்லை. கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் தறிக்கூடச் சன்னல்களை அளந்து ஆவணப்படுத்த உதவ முடியும்.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பாகப்பிரிவினை எழுதும் நாளில், உறவு நன்றாக இருக்கும்போதே, வழியின் அகலம், எதற்கான வழி, தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறும், எந்தச் சன்னலை மறைக்கக் கூடாது, பழுது பார்ப்பது யார் என்பதையெல்லாம் வரைபடத்தோடு எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அசையாச் சொத்து எது என்று சொல்லும்போது, நிலத்தையும் கட்டடத்தையும் போலவே வழியுரிமையையும் வெளிச்ச உரிமையையும் அந்த வரையறைக்குள் வைத்திருக்கிறது.